சலைன் தீர்ந்துபோன பிறகு

அன்புள்ள அக்கா,

எங்க ஊர்ல சாயங்காலம் இலவசமா ட்யூஷன் சென்டர் நடத்துறோம். ரெண்டு டீச்சர், அறுபது பசங்க, அதுல பாதிப்பேரு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாங்க. யார்கிட்ட உதவி கேட்டாலும் "இருக்கறத வச்சு கிரியேட்டிவா யோசிங்க"ன்னு சொல்லிட்டு போயிடறாங்க. ஆளும் இல்லாம காசும் இல்லாம என்னத்த யோசிக்கறது? கேட்டாலே எரிச்சலா வருது.

கே.

அன்புள்ள கே.,

உங்க எரிச்சல் நியாயம். கையில காசு இருக்கறவங்க அந்த வார்த்தைய சொன்னா எனக்கும் கோவம்தான் வரும். ஆனா நிஜமாவே ஒண்ணுமில்லாத இடத்துல ஒருத்தர் என்ன செஞ்சார்னு பாருங்க.

1971, வங்கதேசப் போர். அகதிகள் லட்சக்கணக்குல மேற்கு வங்கத்துக்குள்ள வர்றாங்க, எல்லையோரம் பன்காவ்ல காலரா பரவி ஆஸ்பத்திரி தரையில கூட படுக்க இடமில்ல. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அங்க போறார். அப்போ காலரான்னா ட்ரிப்ஸ்தான் வைத்தியம், ஆனா சலைன் தீர்ந்துட்டே வருது, இருந்தாலும் ஊசி குத்தி ஏத்தத் தெரிஞ்ச ஆளுங்க எத்தனை பேர்? உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ள போனா காலரா வந்தவங்க குடல் கூட தண்ணிய உறிஞ்சிக்கும்னு அதுக்கு முன்னாடியே ஆராய்ச்சியில தெரிஞ்சிருந்தது, டாக்காவுல நோயாளிங்களுக்கு குடுத்தும் பாத்திருந்தாங்க. அவர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூணையும் அளந்து பாக்கெட் போட வச்சார், அத தண்ணியில கரைச்சு டிரம்ல வச்சு, கூட வந்த அம்மா, அண்ணன், யாரா இருந்தாலும் "நீங்களே குடுங்க"ன்னு விட்டுட்டார். நூத்துக்கு முப்பது பேர் வரைக்கும் செத்துட்டு இருந்த நிலைமை மாறி, இந்த தண்ணி குடிச்சவங்கள்ல சாவு நாலு சதவீதத்துக்கும் கீழ வந்துடுச்சு.

நாம இப்ப மெடிக்கல் ஷாப்ல சாதாரணமா வாங்குற ஓஆர்எஸ்ஸ உலகம் நம்பினதுல அந்த முகாமுக்கு பெரிய பங்கு இருக்கு.

இதுல நான் பாக்குறது உப்பையும் சர்க்கரையையும் விட, நர்ஸ் செய்ற வேலைய அம்மா கையில குடுத்த அந்த முடிவைத்தான். டாக்டர் பக்கத்துல இல்லாம இத குடுக்கறது ஆபத்துன்னு நெனச்சவங்க நிறைய பேர். அவர் துணிஞ்சு குடுத்தார்னா அடியில இருக்கற அறிவியல் அவருக்குத் தெரியும், எத விட்டுக்கொடுக்கலாம் எத விடக்கூடாதுன்னும் தெரியும். எழுந்து குடிக்கக்கூட முடியாம கிடந்தவங்களுக்கு ட்ரிப்ஸ்தான், மிச்சமிருந்த சலைன் அவங்களுக்குன்னே வச்சிருந்தாங்க.

அப்புறம் 1980கள்ல பிராக்ங்கற வங்கதேசத் தொண்டு அமைப்பு நாடு முழுக்க வீடு வீடா பொண்ணுங்கள அனுப்பி, மூணு விரல்ல எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) தண்ணின்னு, வீட்டுலயே கரைக்க அம்மாக்களுக்கு சொல்லிக்குடுத்தாங்க. சொல்லிக்குடுக்கறவங்களுக்கு சம்பளமே அந்த அம்மா எவ்வளவு ஞாபகம் வச்சிருக்காங்கங்கறத பொறுத்துத்தான், பின்னாடி வேற ஒரு ஆள் போய் செக் பண்ணுவார். ஆனாலும் ஆரம்பத்துல மனப்பாடமா சொன்ன அம்மாக்கள் கூட வயித்துப்போக்கு வந்தப்ப கரைச்சு குடுக்கல. ஏன்னு தேடினா சொல்லிக்குடுத்த பொண்ணுங்களுக்கே அதுல நம்பிக்கை இல்ல! அது எப்படி வேலை செய்யுதுன்னு அவங்களுக்கு விளக்கினாங்க, வீட்டு ஆம்பளைங்களையும் உக்கார வச்சு பேசினாங்க, அதுக்கப்புறம்தான் பழக்கத்துக்கு வந்தது.

இப்ப உங்க சென்டர். டீச்சர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, மத்தவங்க செய்யக்கூடியது எதுன்னு ஒரு வாரம் பக்கத்துல உக்காந்து பாருங்க. ஒரு பையன் சத்தமா படிக்கறத கேட்டு, தடுக்கற எடத்துல எடுத்துக்குடுக்க எட்டாவது படிக்கற அக்கா போதும், ஆனா எப்படி கேக்கணும், ஏன் அவசரப்பட்டு சொல்லிடக்கூடாதுன்னு அந்த அக்காவுக்கு மொதல்ல புரிய வைக்கணும். எழுத்தே பிடிபடாத பசங்கள அவங்ககிட்ட விடாதீங்க, அந்தப் பசங்களுக்குத்தான் உங்க ரெண்டு டீச்சரும்.

காசு கேக்கறதையும் நிறுத்தாதீங்க. மூணாவது டீச்சர் உங்களுக்கு வேணும்தான், அத கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல.