லாபம் யார் பையிலிருந்து வருகிறது?

மகள் வணிகவியல் படித்துவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்க ஆசைப்படுகிறாள் என்று சொன்னீர்கள். கூடவே, “நாலு பேர் வயிற்றில் அடித்தால்தானே ஒருத்தர் பணக்காரர் ஆக முடியும்?” என்றும் கேட்டீர்கள். அம்மா, பிள்ளை நேர்மையாக வாழ வேண்டும் என்ற உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு தவறு. அதை வைத்து அவள் படிப்பை முடிவு செய்துவிடாதீர்கள்.

உலகில் உள்ள செல்வம் மாறாத ஓர் அளவு, ஒருவர் கூடுதலாக எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் என்பது பலரின் நம்பிக்கை. ஒரு தையல்காரரைப் பாருங்கள். துணியைச் சட்டையாக்கி விற்கிறார். துணியைவிடச் சட்டைக்கு மதிப்பு அதிகம். அந்தக் கூடுதல் மதிப்பு எவரிடமிருந்தும் பறித்ததல்ல, அவர் கைத்திறனில் புதிதாக உண்டானது. வாங்குபவரும் கொடுக்கும் காசைவிடச் சட்டை பெரிதென்று நினைப்பதால்தான் வாங்குகிறார்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 1908-ல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் வந்தபோது விலை சுமார் 850 டாலர். 1913-ல் நகரும் பொருத்து வரிசையைக் கொண்டுவந்தார்கள். அதாவது கார் நகர்ந்து வரும், ஒவ்வொரு தொழிலாளியும் நின்ற இடத்திலேயே தன் பங்கு வேலையை மட்டும் செய்வார். ஒரு காரைப் பொருத்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன வேலை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது. 1914-ல் தகுதி பெற்ற தொழிலாளிக்கு நாள் வருமானம் 5 டாலர் என்று அறிவித்தார்கள். முன்பு கிடைத்ததைப் போல அது சுமார் இரண்டு மடங்கு. 1920-களின் நடுவில் காரின் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது. விலை குறைந்தது, கூலி ஏறியது, முதலாளிக்கும் லாபம் வந்தது. வேலை செய்யும் முறை மாறியதில் பிறந்த செல்வம் அது.

அதே நிறுவனம் 1941 வரை தொழிற்சங்கத்தை ஏற்காமல் முரண்டு பிடித்தது. செல்வத்தை உண்டாக்குவது ஒன்று, அதை நியாயமாகப் பங்கிடுவது வேறொன்று. ஏமாற்றியும், போட்டியை நசுக்கியும், கழிவை ஆற்றில் கொட்டிச் செலவை ஊர் தலையில் கட்டியும் பணம் சேர்ப்பவர்கள் உண்டு. உங்கள் பயம் அவர்களைப் பற்றியது என்றால் முழுக்க நியாயம். இந்த வேறுபாட்டை மகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள். வகுப்பில் கிடைக்காத பாடம் இது.

அவள் பக்கமும் ஒரு தப்பெண்ணம் இருக்கலாம். கல்லாவில் விழுவதெல்லாம் லாபம் என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். விற்ற தொகையிலிருந்து சரக்கு, சம்பளம், வாடகை, வட்டி, வரி எல்லாம் போய் மிஞ்சுவதுதான் லாபம். அந்த லாபமும் கடனுக்குக் கொடுத்த சரக்கில் முடங்கிக் கிடக்கலாம். புத்தகத்தில் லாபம் காட்டிக்கொண்டே, சம்பளம் போடக் கையில் பணமில்லாமல் மூடப்படும் தொழில்கள் உண்டு. இளம் தொழில்முனைவோர் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பேன்.

அதனால் வணிகவியலில் கணக்குப்பதிவியலை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தொழிலின் சொத்தும் கடனும் எவ்வளவு என்று காட்டும் இருப்புநிலைக் குறிப்பையும், கையில் பணம் எப்படி வந்து போனது என்று காட்டும் பணப்பாய்வு அறிக்கையையும் தானே வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவள் தேற வேண்டும். விடுமுறையில் ஏதாவது ஒரு சிறு தொழிலில், விற்பனைப் பக்கம் மட்டுமல்லாமல் கணக்குப் பக்கமும் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும். சொந்தத் தொழில் யோசனையோடு வந்தால், “எவ்வளவு வரும்?” என்று கேட்பதற்கு முன், “இதனால் யாருடைய எந்தச் சிரமம் குறையும், அதற்கு அவர் மனமுவந்து காசு கொடுப்பாரா?” என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு இருவரும் என்னிடம் வாருங்கள்.