நேர்காணலுக்குப் போகிறவர்கள் கேட்டவை

கேள்வி: ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் பள்ளிப் படிப்பிலிருந்து ஆரம்பித்துவிடுகிறேன். சரியா?

இப்போது செய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள். அதற்கு எப்படி வந்தீர்கள், இந்த வேலையை ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லி, இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். ரெஸ்யூம் அவர்கள் கையில்தான் இருக்கிறது; அதை ஒப்பிக்க வேண்டாம்.

கேள்வி: ‘ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்றால் வாயடைத்துப்போகிறேன்.

அந்த நேரத்தில் யோசித்தால் யாருக்குமே வராது. வீட்டிலேயே நான்கைந்து சம்பவங்களை எழுதிப் பாருங்கள்: நீங்கள் செய்த ஒரு தவறு, சக ஊழியரோடு வந்த உரசல், கெடு நெருக்கிய வேலை, யாரும் சொல்லாமல் நீங்களே இழுத்துப்போட்டுச் செய்தது. பெரும்பாலான கேள்விகளுக்கு இவற்றில் ஒன்று பொருந்திவிடும். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்ற வரிசையில் சொல்லுங்கள். ‘ஸ்டார்’ (STAR: Situation, Task, Action, Result) முறை என்பது இதுதான். பலர் நிலைமையை விவரித்தே நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள். மூன்றாவது பகுதிக்குத்தான் அதிக நேரம் வேண்டும். அப்புறம், ‘நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்’ என்றே பேசினால் அதில் உங்கள் பங்கு தெரியாது. பணிவுதான், புரிகிறது. ஆனால் வேலை உங்களுக்குத்தானே வேண்டும்?

கேள்வி: கேட்டவர் சிரிக்கவே இல்லை. தாளைப் பார்த்துக் கேட்டார், எழுதிக்கொண்டார். என்னைப் பிடிக்கவில்லையோ?

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குப் பதில் மதிப்பெண் போடும் நேர்காணலாக இருக்கலாம். 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் வேலைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிட இந்த வகைதான் ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதைச் சரியாகக் கணித்தது. முகத்தைப் படிக்க முயலாதீர்கள். எனக்கென்னவோ, கலகலவென்று பேசி அனுப்பிவிடுவதைவிட இதுவே மேல்.

கேள்வி: இடையில் இரண்டு வருடம் வேலை இல்லை. மறைக்கலாமா?

வேண்டாம். தேதியை மாற்றிப் போட்டால், முந்தைய நிறுவனத்தில் விசாரிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி: எதிர்பார்க்கும் சம்பளம்?

இந்தப் பதவிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். சொல்லாவிட்டால் ‘இதிலிருந்து இதுவரை’ என்று சொல்லலாம். கீழ்த் தொகை உங்களுக்கு நிஜமாகவே சம்மதமானதாக இருக்கட்டும். பல சமயம் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்றால் ‘இல்லை’ என்றுதான் வருகிறது.

‘முதல் ஆறு மாதத்தில் நான் எதை முடித்தால் உங்களுக்குத் திருப்தி?’ என்று கேளுங்கள். ஆளுக்கொரு பதில் சொன்னால், சேரலாமா என்று நீங்களும் யோசிக்க வேண்டியிருக்கும்.