கேளுங்க, சொல்றேன்: மருதம்பட்டை போதுமா, மாத்திரையும் வேணுமா?

கேள்வி: அக்கா, எனக்க அப்பாவுக்கு வயசு 61, ரப்பர் பால்வெட்டு வேலை. அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சு எட்டு மாசம் ஆகுது. மாமா ஒருத்தர் வாட்ஸ்அப் வீடியோவ காட்டி, கொழுப்பு மாத்திரை எல்லாம் கம்பெனிக்காரன் சம்பாதிக்கத்தான், மருதம்பட்டை கசாயமும் பச்சைப்பூண்டும் போதும்னு சொல்லிட்டாரு. அப்பாவுக்கு கால் கடுப்பும் இருந்துச்சு, மாத்திரைய நிறுத்திட்டாங்க. சீட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். என்ன செய்ய?
— ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: மக்ளே, உன் மெசேஜ பாத்த அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன், இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போன்னு. இதே கதை நம்ம ஊர்ப்பக்கம் நிறைய வீட்டுல நடக்குது, அதனால இங்கயும் விலாவாரியா எழுதுறேன்.

சீட்டுல நாலு மாத்திரை இருக்கு. மாமா திட்டுறது அதுல ஒண்ணே ஒண்ண, அடார்வாஸ்டாட்டின்ங்கற கொழுப்பு மாத்திரைய. ஆனா அப்பா நிறுத்துனது நாலையும்! ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொழுப்பு மாத்திரையே கிடையாது. ஸ்டென்ட்ங்கறது இதய ரத்தக்குழாய் அடைஞ்சிடாம உள்ள வைக்கிற ஒரு சின்ன கம்பி வலை, அதுல ரத்தத்தட்டுக்கள் (பிளேட்லெட்) போய் ஒட்டி ரத்தம் உறைஞ்சிடாம பாக்கத்தான் இந்த ரெண்டும், சாதாரணமா அட்டாக் வந்தவங்களுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ரெண்டையும் சேர்த்தே குடுப்பாங்க, நடுவுல நாமளா நிறுத்துனா ஸ்டென்ட் அடைச்சு உயிருக்கே ஆபத்தாகலாம். நாலாவது மெட்டோப்ரோலால், நெஞ்சுத்துடிப்பையும் பிரஷரையும் குறைக்கிற மாத்திரை. அத பட்டுன்னு நிறுத்துனா நெஞ்சுத்துடிப்பும் பிரஷரும் ஏறி வலி திரும்ப வரலாம், டாக்டரே நிறுத்தணும்னு நினைச்சாலும் பைய பையத்தான் குறைப்பார்.

இப்ப அந்த கொழுப்பு மாத்திரைக்கு வர்றேன், அந்த வகைக்கு ஸ்டாட்டின்னு பேரு. ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒரு விஞ்ஞானி 1970கள்ல ஆயிரக்கணக்குல பூஞ்சை வகைகள சோதிச்சு பாத்து, பென்சிலியம் பூஞ்சை ஒண்ணுல இருந்துதான் முதல் ஸ்டாட்டின எடுத்தாரு. ஆஸ்பிரினுக்கு மூலம் வில்லோ மரப்பட்டை. அதனால பட்டையா வந்தா நல்லது, ஸ்ட்ரிப்புல வந்தா கெட்டதுன்னு பிரிக்கவே முடியாது. பலன் எவ்வளவுன்னு பாப்போம். 1994ல வெளிவந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, டென்மார்க் ஸ்வீடன் மாதிரி அஞ்சு நாட்டுல ஏற்கெனவே இதய நோய் இருந்த 4444 பேர், பாதிப்பேருக்கு சிம்வாஸ்டாட்டின், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. அஞ்சு வருஷத்துக்கு கொஞ்சம் மேல பாத்ததுல வெறும் மாத்திரை எடுத்தவங்கள்ல 100க்கு 12 பேர் இறந்தாங்க, மருந்து எடுத்தவங்கள்ல 8 பேர். கம்பெனி காசுல நடந்ததுதானேன்னு மாமா கேப்பார், ஆமா, ஆனா அதுக்கப்புறமும் நிறைய ஆராய்ச்சி இதே பக்கம்தான் காட்டுச்சு, காப்புரிமை எல்லாம் எப்பவோ முடிஞ்சு இன்னைக்கு இந்த மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில சும்மாவே கிடைக்குது.

அதே நேரம் மாமாவுக்க சந்தேகம் முழுசும் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அட்டாக்கே வராத, சுகர் பிரஷர் இல்லாத, பீடி சிகரெட் தொடாத ஒருத்தருக்கு கொழுப்பு லேசா கூடியிருக்குன்னா மாத்திரையால வர்ற பலன் ரொம்ப கம்மி, அவரு டாக்டர்கிட்ட "மூணு மாசம் சாப்பாடும் நடையுமா பாக்கட்டுமா"ன்னு கேக்கிறதுல நியாயம் இருக்கு. ஸ்டென்ட் வச்ச உங்க அப்பாவுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

கால் கடுப்ப லேசா விடாதீங்க. ஸ்டாட்டினால தசைவலி வர்றது உண்டு, தசை பாதிச்சிருக்கான்னு காட்டுற சிகே டெஸ்ட்ட ரத்தத்துல எடுத்துப் பாத்து டோஸ் குறைக்கலாம், வேற ஸ்டாட்டினுக்கு மாத்தலாம். 2020ல வந்த ஒரு ஆராய்ச்சியில, பக்கவிளைவுன்னு சொல்லி நிறுத்தின 60 பேருக்கு சில மாசம் மருந்தும் சில மாசம் வெறும் மாத்திரையும் எதுன்னு சொல்லாம குடுத்தாங்க, வந்த தொந்தரவுல 90 சதவீதம் வெறும் மாத்திரையிலயும் வந்துச்சு. அதுக்காக அப்பா சொல்ற வலி பொய்யில்ல, காரணம் வேறயா இருக்கலாம். ஏத்தம் ஏறும்போது கெண்டைக்கால் பிடிச்சு, கொஞ்சம் நின்னா விட்டுடுதா? அப்படின்னா காலுக்குப் போற ரத்தக்குழாயில அடைப்பான்னு பாக்கணும். மூத்திரம் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்துல போனா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடணும்.

மருதம்பட்டைய நான் மதிக்கிறேன். நெஞ்சுவலிக்காரங்க கொஞ்சம் பேர வச்சு சின்னச்சின்ன ஆராய்ச்சி நடந்து பலன் தெரிஞ்சிருக்கு. ஆனா ஸ்டென்ட் அடைக்காம அது காக்கும்னு யாரும் நிரூபிக்கல. வேணும்னா கோட்டாறு அரசு ஆயுர்வேத காலேஜுக்கு போய் இந்த சீட்டையும் காட்டி கேளுங்க, அவங்க குடுக்கிறத இதய டாக்டர்கிட்டயும் காட்டுங்க. பூண்டு மீன் குழம்புல எவ்வளவு வேணாலும் கிடக்கட்டும். ஆனா வெறும் வயித்துல பச்சைப்பூண்டு கைநிறைய வேண்டாம், ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை இருக்கு, ரத்தக்கசிவு வர வழியாகும்.

கேள்வி: எங்க தாத்தாமார் தேங்காய் எண்ணெயிலதான் எல்லாம் செஞ்சாங்க, 90 வயசு வரை இருந்தாங்க. அத கெட்டதுன்னு சொல்றது வியாபாரம்தானே?
— வாசகர், ஈத்தாமொழி

பதில்: அண்ணாச்சி, ஈத்தாமொழிக்காரர்கிட்ட தேங்காய பத்தி பேசவே யோசனையாத்தான் இருக்கு, புவிசார் குறியீடு வாங்குன தென்னை உங்களோடது. ஆனா தேங்காய் எண்ணெயில 100க்கு 80 பங்குக்கு மேல நிறைகொழுப்பு, அது எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்ப ஏத்தும், இது பல நாட்டுல பாத்தாச்சு. 90 வரை இருந்த தாத்தாவ நாம சொல்றோம், 50ல நெஞ்ச பிடிச்சிட்டு போனவர பத்தி யாரும் பேசுறதில்ல. இருந்தவரும் தோப்புல மண்வெட்டி பிடிச்சு, எங்கயும் நடந்தே போய், சாளையும் அயிலையும் குழம்பு வச்சு சாப்பிட்டவர். அவியல்ல கடைசியா ஊத்துற ஒரு ஸ்பூன் எண்ணெய யாரும் விட வேண்டாம், தினமும் ஏத்தங்காய் சிப்ஸும் பழம்பொரியும் பொரிச்ச மீனும்னு போறதத்தான் நிறுத்தணும். எண்ணெய பத்தி சண்டை போடுற நாம உப்ப மறந்துடுறோம், உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு டீஸ்பூன்தான் அது, கருவாடும் ஊறுகாயும் பப்படமும் சேர்ந்தா மதியத்துக்குள்ளயே தாண்டிடும். இன்னொண்ணு, கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களும் உடம்புல பொட்டாசியத்த தங்க வைக்கிற ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை எடுக்கிறவங்களும் இளநீர் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் குடிக்கணும், அதுல பொட்டாசியம் ஜாஸ்தி.

கேள்வி: வீட்டுக்காரருக்கு அடிக்கடி நெஞ்சுல வாய்வு பிடிக்குது. இஞ்சிச்சாறு குடுத்தா ஏப்பம் வந்து சரியாகும். இது போதுமா?
— வாசகி, முட்டம்

பதில்: போதாது தங்கச்சி. ஏப்பம் வந்ததால அது வாய்வுன்னு முடிவு பண்ண முடியாது. ஒரு ஈசிஜி எடுத்துடுங்க, இந்த வாரமே. வலை இழுக்கும்போதோ படி ஏறும்போதோ பிடிச்சு, உக்காந்தா விடுதான்னு கவனிங்க, அப்படின்னா இதயமா இருக்க வாய்ப்பு அதிகம். வியர்த்துக் கொட்டி, வலி கைக்கோ தாடைக்கோ போனா இஞ்சிய தேடாம 108ஐ கூப்பிடுங்க. 2023ல இருந்து தமிழ்நாடு அரசோட 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரை குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. அந்த நேரத்துல அவர நடக்க விடாதீங்க, பைக்குல பின்னால உக்கார வச்சும் கொண்டு போகாதீங்க.