கிழங்கிலும் பழத்திலும் வாழும் சத்சுமா

கேள்வி: ஐயா, சத்சுமா மாகாணம் இப்போது ஜப்பானில் எங்கே இருக்கிறது? மேப்பில் கிடைக்கவில்லை.

பதில்: அந்தப் பெயரில் இன்று மாகாணம் இல்லை. கியூஷூ தீவின் தென்மேற்கு முனையில் இருந்தது. ஷிமாசு குடும்பம் பல நூற்றாண்டுகள் ஆண்ட பூமி. 1871-ல் மெய்ஜி பேரரசரின் அரசு பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளைக் கலைத்தபின் இன்றைய ககோஷிமா மாகாணத்துக்குள் அடங்கிவிட்டது. சத்சுமா தீபகற்பம், சத்சுமா சென்டாய் நகரம் என்று பெயர் மட்டும் அங்கங்கே நிற்கிறது.

கேள்வி: சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஜப்பானியர் 'சத்சுமாயிமோ' என்கிறார்களே, அது அங்கே தோன்றியதா?

பதில்: இல்லை, எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கிழங்கு 1605-ல் சீனாவிலிருந்து ரியூக்யூ தீவுகளுக்கு, அதாவது இன்றைய ஒகினாவா பக்கம், வந்தது. நூறு ஆண்டு கழித்து, 1705-ல், மாயேதா ரியெமோன் என்ற கடலோடி அங்கிருந்து சத்சுமாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே எரிமலைச் சாம்பல் மண். தண்ணீர் நிற்காது, நெல் சரியாக வராது. கிழங்குக்கோ அதுதான் தோதான மண். பஞ்சத்தில் ஜனங்களைக் காப்பாற்றியது. 1735-ல் அவோகி கொன்யோ என்ற அறிஞர் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், பயிரிட்டுக் காட்டிய பிறகு கிழக்கேயும் பரவியது. வாங்கியவர்கள், தங்களுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். சத்சுமாக்காரர்கள் மட்டும் அதை 'காராயிமோ', அதாவது சீனக் கிழங்கு என்றே சொல்கிறார்கள்.

கேள்வி: லண்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் 'சத்சுமா' என்று தோல் எளிதில் உரியும் ஆரஞ்சு விற்கிறார்களே, அண்ணா?

பதில்: அதே ஊர்தான் தம்பி. 1870-களில் இதன் மரக்கன்றுகள் அமெரிக்காவுக்குப் போயின. ஜப்பானில் அமெரிக்கத் தூதராக இருந்த வான் வால்கன்பர்க்கின் மனைவி அந்தப் பெயரை வைத்ததாகச் சொல்வார்கள். அலபாமாவில் சத்சுமா என்று ஒரு நகரமே இருக்கிறது. ஜப்பானில் அதன் பெயர் 'ஊன்ஷூ மிகான்'. ஊன்ஷூ என்பது சீனாவின் வென்சோ நகரம். ஆனால் பழம் பிறந்தது வென்சோவில் அல்ல, சத்சுமா ஆட்சியில் இருந்த நகாஷிமா தீவில் என்றே கருதுகிறார்கள். பிறந்த ஊரின் பெயர் அதற்கு வெளிநாட்டில்தான் கிடைத்தது!

கேள்வி: சத்சுமா பீங்கான்?

பதில்: இதைச் சொல்லும்போது மனம் கனக்கும். 1592 முதல் 1598 வரை நடந்த கொரியப் படையெடுப்பின்போது ஷிமாசு யொஷிஹிரோ பிடித்துவந்த கொரியக் குயவர்களின் கைவேலை அது. 1867 பாரிஸ் கண்காட்சியில் ஐரோப்பாவே வியந்தது. புகழ் சத்சுமா என்ற பெயருக்குப் போனது. செய்தவர்களின் நாடு அதில் இல்லை.

கேள்வி: அந்தப் பெயரில் போர்க்கப்பலும் இருந்ததா?

பதில்: ஆமாம். அந்நாளைய ஜப்பானியக் கடற்படை போர்க்கப்பல்களுக்குப் பழைய மாகாணப் பெயர்களை வைப்பது வழக்கமாக இருந்தது. யமாத்தோ, நகாத்தோ எல்லாம் அப்படித்தான். சத்சுமா 1906-ல் நீரில் இறங்கியது.

கேள்வி: ககோஷிமா போகிறேன். 'சத்சுமா அகே' என்ற மீன் வடை அங்கே நன்றாக இருக்குமாமே?

பதில்: அவசியம் சாப்பிடுங்கள். கடையில் மட்டும் 'த்சுகே அகே' என்று கேளுங்கள். உள்ளூரில் அதுதான் பெயர்.