சிகாகோ ‘சூ’வின் தலை போலியா?

கேள்வி: விடுமுறைக்குச் சிகாகோவில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறோம். அங்கே ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் டைரனோசாரஸ் ரெக்ஸ் என்ற டைனோசரின் தலை போலியானது என்கிறார்கள். ஆசையோடு காத்திருக்கும் பேரனிடம் என்ன சொல்வது? அசல் எலும்பை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: உங்களிடம் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ‘சூ’ என்னும் அந்த எலும்புக்கூட்டின் கழுத்துக்கு மேல் இருப்பது வார்ப்பு நகல்தான் என்றாலும், அசல் மண்டையோடு தனிக் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள அதை அவ்வளவு உயரத்தில் கம்பிகளால் தாங்கவைப்பது கடினம். மேலும் அது மண்ணுக்குள் அழுந்திச் சற்றே உருக்குலைந்திருந்தது. எனவே அந்த நெளிவைச் சரிசெய்து, எடை குறைந்த நகலைப் பொருத்தினார்கள். அசலைப் பார்த்தே உருவான இதைப் ‘போலி’ என்பது நியாயமல்ல என்பது என் கருத்து.

உடற்பகுதியில் பெரும்பாலானவை அசல் எலும்புகளே. கிடைக்காத சிலவற்றின் இடத்தில் மட்டும் வார்ப்புகள் உள்ளன. 1990 ஆகஸ்டில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் புதைபடிவங்களைத் தேடிய சூ ஹென்ட்ரிக்சன் கண்டெடுத்த இந்த 12 மீட்டர் நீள விலங்கு, சுமார் 90 சதவீதம் முழுமையாகக் கிடைத்தது என்பது மிகவும் அரிய செய்தி.

அடையாளம் காண, எலும்பை விட்டுவிட்டு முதலில் இரும்பைப் பாருங்கள். அசல் எலும்பைத் துளையிட மனம் வராது என்பதால், ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து ஏந்தும் தாங்கிகளை அதனதன் வடிவத்துக்கேற்பச் செய்து, ஆய்வுக்காகத் தனித்தனியே கழற்றும்படி அமைத்திருக்கிறார்கள். வார்ப்புகளிலோ கம்பியை உள்ளுக்குள்ளேயே மறைத்துவிடலாம். உலகின் பல அருங்காட்சியகங்களில் நிற்கும் ‘ஸ்டான்’ என்ற டைரனோசாரஸின் நகல்கள் அத்தகையவை. ஐயமிருந்தால் விளக்கப் பலகையில் ‘காஸ்ட்’ (cast, அதாவது வார்ப்பு) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேரனை முதலில் பேழைக்கு அழைத்துச் செல்லுங்கள். கீழ்த்தாடையின் பின்பகுதியில், ஓரம் வழவழப்பான வட்டத் துளைகள் சில தெரியும். அவை பற்கள் பதிந்த தடங்கள் என்று முன்பு கருதப்பட்டன. பறவைகளைத் தாக்கும் ஒருவகை ஒட்டுண்ணி நோயின் விளைவாக இருக்கலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் வாதிட்டனர். அடுத்து எலும்புக்கூட்டின் இடது முழங்காலுக்குக் கீழே பாருங்கள்: அங்குள்ள மெல்லிய வெளியெலும்பு, தொற்றுநோயால் வலப்பக்கத்து எலும்பைப்போல் இரு மடங்கு தடித்திருக்கும். விலாக்களிலும் முறிந்து கூடிய இடங்கள் உண்டு. வயிற்றின் அடியில் கூடைபோல் வளைந்திருக்கும் மெல்லிய எலும்புகள் 2018-இல்தான் பொருத்தப்பட்டன. பழைய படங்களில் அவை இருக்காது.