அட்டையில் வந்த முகம்

அன்புள்ள அம்மா,

என் பாட்டி, என் அம்மாவைப் பெற்றவர், இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாக, குறி பார்க்கப் பயன்படுத்தும் டாரட் என்ற பட அட்டைகளை விரித்து அவருடன் பேச முயன்று வருகிறேன். கேள்வியை மனத்தில் வைத்து மூன்று அட்டைகளை எடுப்பேன். பெரும்பாலும் ஆறு கிண்ண அட்டை வருகிறது. அது இளமை நினைவுகளையும் கடந்த காலத்தையும் குறிக்கும் என்கிறார்கள். சென்ற வாரம் அது தலைகீழாக விழுந்ததிலிருந்து, பாட்டிக்கு என்மீது கோபமோ என்று அஞ்சுகிறேன். என் அம்மாவிடம் பாட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அட்டைகளின் வழியே முன்னோருடன் தொடர்பு கொள்ள முடியும் என்று நம்புகிறீர்களா? நான் செய்வது தவறா?

வி.

அன்புள்ள வி.,

இறந்தவரோடு பேச விரும்புவதில் தவறு எதுவும் இல்லை. அதற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். தலைகீழாக விழுந்த அட்டையையும் மறந்துவிடுங்கள். கலைக்கும்போது ஓர் அட்டை திரும்பிக்கொண்டால் அது கலைத்த கையின் வேலை. அதில் பாட்டியின் கோபத்தைத் தேடி உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மீண்டும் மீண்டும் படிக்க வைத்தது அந்த ஆறு கிண்ண அட்டை. பழைய முற்றம் ஒன்றில் ஒரு சிறுவன் பூ வைத்த கிண்ணத்தைச் சிறுமியிடம் நீட்டும் படம்தானே உங்களுக்கு வந்தது? டாரட் அட்டைகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகத் தோன்றியவை. குறி சொல்லும் கருவியாக அவற்றை விளக்கும் நூல்கள் 1780களில்தான் பிரான்சில் வெளிவந்தன. அப்போதும் இந்த அட்டையில் பெரும்பாலும் ஆறு கிண்ணங்கள் மட்டுமே வரையப்பட்டிருந்தன. சிறுவனும் சிறுமியும் முற்றமும் 1909இல் லண்டனில், ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவர் கேட்டுக்கொண்டபடி 78 அட்டைகளுக்கும் படம் வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியருடைய கற்பனை. அட்டையை உற்றுப் பாருங்கள், அவருடைய பெயரெழுத்துகள் பின்னிய சிறிய முத்திரை தெரியும். நீங்கள் பாட்டி என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய கோடுகளை.

இதை நான் நூலறிவாகச் சொல்லவில்லை. என்னை வளர்த்தவர் என் அத்தை. அவர் இறந்த மறு ஆண்டு, தோழி ஒருத்தி எனக்காக அட்டைகளை விரித்தாள். வாள் அரசி என்ற அட்டை வந்தது. துயரத்தால் இறுகியவள், கணவனை இழந்தவள், பொய் சொல்லாதவள் என்று தோழி சொல்லிக்கொண்டே போக, நான் விம்மி அழுதேன். என் அத்தை இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்த மூன்று விவரங்களும் எத்தனை குடும்பங்களின் எத்தனை மூதாட்டிகளுக்குப் பொருந்தும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஆண்டுகள் கழித்து அத்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுதியதைப் படித்த சித்தப்பா, "இது யாரம்மா?" என்று கேட்டார். என் பக்கங்களில் அத்தை எப்போதும் நிமிர்ந்து அமர்ந்திருந்தார், பக்கவாட்டில் முகம் காட்டினார், இடக்கையை முன்னே நீட்டியபடியே பேசினார். அத்தனையும் அந்த அட்டையில் இருப்பவை. என் அத்தையோ சற்றுக் கூனியவர். உடைந்த முன்பல் தெரியாமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர். சித்தப்பா சொல்லும்வரை அந்தச் சிரிப்பு என் நினைவிலேயே இல்லை. அட்டை எனக்கு அத்தையைத் திருப்பித் தரவில்லை, இருந்த அத்தையையும் மெல்ல எடுத்துக்கொண்டு வேறொருத்தியை அந்த இடத்தில் அமர்த்திவிட்டது. நான் அழுததும் அந்த வேறொருத்திக்காகத்தான் என்பதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே உங்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு, வி. பாட்டிக்காக ஏங்கி ஒரு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதில் அவர் பெயர் இல்லை, குரல் இல்லை, அவர் எதற்குச் சிரிப்பார், எதற்குச் சினப்பார் என்று ஒரு வரிகூட இல்லை. எந்த அட்டை எப்படி விழுந்தது என்பது மட்டும் துல்லியமாக இருக்கிறது. அவர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்கிறீர்கள். அவர் யாராக இருந்தார் என்று கேட்கவே இல்லை. அட்டையிடம் போனதன் காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்: அம்மா எழுந்து போய்விடுகிறார், அட்டை எழுந்து போவதில்லை. ஆனால் அம்மா எழுந்து போவதிலும் உங்கள் பாட்டி இருக்கிறார். மகளுக்கு இன்னும் ஆறாத ஏதோ ஒன்றை விட்டுச் சென்ற பெண் அவர். அவரை விலக்கிவிட்டு, கேட்டபோதெல்லாம் பூ நீட்டும் ஒரு பாட்டியை நீங்கள் செய்துகொண்டால், உங்கள் முன்னோர்களில் ஒருவர் குறைந்துபோவார்.

பமேலா 1951இல் கடனோடு இறந்தார்; அவர் உடைமைகள் கடனுக்காக ஏலம் போயின, அவரைப் புதைத்த இடம்கூட இன்று தெரியவில்லை. அவர் வரைந்த முகங்களாவது அவருடையவையாக இருக்கட்டும்.

அட்டைகளை எறிந்துவிடச் சொல்லவில்லை. அந்த ஆறு கிண்ண அட்டையை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பாட்டி இந்தச் சிறுமியின் வயதில் எங்கே இருந்தார், அவருக்கு யாராவது இப்படிப் பூ கொடுத்ததுண்டா என்று கேளுங்கள். அம்மா எழுந்து போகலாம். சில நாள் விட்டு மறுபடி கேளுங்கள். அம்மா சொல்வதை எனக்கு எழுத வேண்டாம், அது உங்கள் வீட்டுக்குரியது. பாட்டியின் பெயரை மட்டும் எழுதுங்கள்.