வால்டர் ரிஸ்டன்: சிட்டி பேங்கும் மெக்சிகோ கடனும் (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: சி.டி. எனப்படும் வைப்புச் சான்றிதழை உருவாக்கியவர் அமெரிக்க வங்கியாளர் வால்டர் ரிஸ்டன் என்று படித்தேன். நாம் போடும் ஃபிக்ஸட் டெபாசிட்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?
(வணிகவியல் மாணவி, விருதுநகர்)

பதில்: சான்றிதழ் முன்பே இருந்தது. ரிஸ்டனும் அவருடைய சகாக்களும் உண்டாக்கியது அதை வாங்கி விற்கும் சந்தையை.

1950-களில் நியூயார்க் வங்கிகளிலிருந்து கம்பெனிப் பணம் கசிந்துகொண்டிருந்தது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ‘ரெகுலேஷன் க்யூ’ விதிப்படி அப்போது நடப்புக் கணக்குக்கு வட்டி தரக் கூடாது. கால வைப்புக்கும் வட்டி உச்சவரம்பு இருந்தது. கம்பெனிகளின் நிதி அதிகாரிகள் பணத்தைச் சும்மா விட்டுவைப்பார்களா? எடுத்து அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களான கருவூல பில்களில் போட்டார்கள்.

1961 பிப்ரவரியில், அப்போது ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி பேங்க் என்ற பெயரில் இருந்த சிட்டி பேங்க், கைமாற்றக்கூடிய சான்றிதழை அறிவித்தது.  ஒரு கம்பெனி 10 லட்சம் டாலரை ஆறு மாதத்துக்குப் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதமே பணம் தேவைப்பட்டால் டெபாசிட்டை உடைக்க வேண்டியதில்லை, சான்றிதழை விற்றுவிடலாம். வாங்கியவர் மீதி நான்கு மாதம் காத்திருந்து முதலையும் வட்டியையும் பெற்றுக்கொள்வார். வங்கியிலிருந்து அதுவரை ஒரு டாலர்கூட வெளியே போகாது. இடையில் சந்தை வட்டி ஏறியிருந்தால் விற்பவருக்கு விலை குறையும், அவ்வளவுதான்.

இது நடக்க, எந்த நாளும் விலை சொல்லி வாங்க ஓர் ஆள் வேண்டும். அதற்காக டிஸ்கவுண்ட் கார்ப்பரேஷன் ஆஃப் நியூயார்க் என்ற பத்திர வியாபார நிறுவனத்தை முன்கூட்டியே சம்மதிக்க வைத்தார்கள். திட்டத்தின் உயிர்நாடி இந்த ஏற்பாடுதான்.

ஓட்டை எங்கே என்பது 1966-ல் தெரிந்தது. சந்தை வட்டி 5.5 சதவீத உச்சவரம்பைத் தாண்டியதும், முதிர்ந்த சான்றிதழ்களை யாரும் புதுப்பிக்கவில்லை. வங்கிகள் டாலர் தேடி, அந்த உச்சவரம்பு பொருந்தாத லண்டனுக்கு ஓடின. 1970 ஜூனில் பென் சென்ட்ரல் ரயில்வே திவாலாகி குறுகிய காலக் கடன் சந்தை நடுங்கியபோது, 30 முதல் 89 நாள் வரையிலான பெரிய சான்றிதழ்களுக்கு உச்சவரம்பை ஃபெடரல் ரிசர்வ் நீக்கியது. டெபாசிட் வரும்வரை காத்திருந்த வங்கி, தேவைப்படும்போது பணத்தை விலைக்கு வாங்கும் வங்கியாக மாறியது. ஆனால் அப்படி வாங்கிய பணத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி மறுபடி வாங்கியாக வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி சி.டி.யை 1989-ல் அறிமுகப்படுத்தியது.

கேள்வி: அவர் வங்கிக் குடும்பத்துப் பிள்ளையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி)

பதில்: இல்லை. தந்தை கல்வியாளர், பிரவுன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1919-ல் பிறந்த ரிஸ்டன் 1946-ல் வங்கியில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தார். கப்பல் கடன் பிரிவில் பெயரெடுத்தார். 1955-ல் லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் வாட்டர்மேன் கப்பல் கம்பெனியை வாங்க 4 கோடியே 20 லட்சம் டாலர் கடன் கிடைத்ததில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. மறு வருடம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 கன்டெய்னர்களோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. ரிஸ்டன் 1967-ல் வங்கியின் தலைமைப் பொறுப்புக்கு வந்து 1984-ல் ஓய்வு பெற்றார். 2005-ல் காலமானார்.

கேள்வி: சிட்டி பேங்கின் கிரெடிட் கார்டு பில்கள் தெற்கு டகோட்டாவிலிருந்து வருவதாக அமெரிக்காவில் இருக்கும் மகன் சொல்கிறான். நியூயார்க் வங்கிக்கு அங்கே என்ன வேலை?
(வாசகர், மதுரை)

பதில்: கந்துவட்டிச் சட்டம்தான் காரணம். அப்போது நியூயார்க்கில் முதல் 500 டாலருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம்தான் வசூலிக்க முடிந்தது. 1980-ல் வங்கி பணம் திரட்டக் கொடுத்த வட்டியே அதைத் தாண்டிப்போனது. ஒவ்வொரு கார்டும் நஷ்டம். தேசிய வங்கி (மத்திய அரசின் உரிமம் பெற்ற வங்கி) எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வட்டியை நாடு முழுக்க வசூலிக்கலாம் என்று 1978-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தெற்கு டகோட்டா உச்சவரம்பை நீக்கி அழைக்க, 1981-ல் கார்டுப் பிரிவு சூ ஃபால்ஸ் நகரத்துக்குப் போனது. வங்கி பிழைத்தது. ஆனால் ஒரு சிறு மாநிலத்தின் சட்டம் அமெரிக்கா முழுவதற்குமான கார்டு வட்டியைத் தீர்மானிக்கும் நிலையும் வந்தது. அதை நல்ல மாற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கேள்வி: நாடுகள் திவாலாவதில்லை என்ற ரிஸ்டனின் வாதம் எங்கே பிசகியது?
(வங்கி அலுவலர், கோவை)

பதில்: நாடு, கம்பெனியைப் போலக் கதவைச் சாத்திவிட்டுக் கலைந்துபோகாது என்ற அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் கடன் கொடுத்தவருக்குத் தவணை நாளில் வேண்டியது டாலர். அது நாட்டின் சொத்து மதிப்பைப் பொறுத்ததல்ல. ஏற்றுமதியில் கைக்கு வரும் டாலரைப் பொறுத்தது.

1973 எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின், எண்ணெய் நாடுகள் வங்கிகளில் போட்ட டாலர்கள் மெக்சிகோவுக்கும் பிரேசிலுக்கும், பல வங்கிகள் சேர்ந்து தரும் கூட்டுக் கடன்களாகப் போயின. கடன் பல வருடத்துக்கு; வட்டியோ பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், லிபார் விகிதத்தோடு (லண்டனில் வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுத்த வட்டி) கொஞ்சம் சேர்த்து. வட்டி ஏறினாலும் வங்கிக்கு நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டார்கள். 10 கோடி டாலர் கடனுக்கு 7 சதவீதத்தில் வருட வட்டி 70 லட்சம். 17 சதவீதத்தில் 1 கோடியே 70 லட்சம். ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பால் வோல்க்கர் 1979 அக்டோபரில் பணப்புழக்கத்தை இறுக்கியதும் லிபார் அப்படித்தான் ஏறியது. 1981-ல் 16 சதவீதத்தைத் தாண்டியது. வட்டி கட்டவே புதுக்கடன், அதுவும் குறுகிய காலக் கடன் என்று போய், 1982 ஆகஸ்டில் ஏறத்தாழ 8,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனோடு மெக்சிகோ கையை விரித்தது. கடனாளியின் தலையில் ஏற்றிவைத்த வட்டி ஆபத்து, வாராக்கடனாக வங்கிக்கே திரும்பி வந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய தவறு. பழைய கடனின் வட்டியைக் கட்டப் புதுக்கடன் கொடுத்து, ஏட்டில் முழு மதிப்பையே காட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேசில் 1987 பிப்ரவரியில் வட்டியை நிறுத்தியது. அந்த மே மாதம் ரிஸ்டனின் வாரிசு ஜான் ரீட், 300 கோடி டாலரை நஷ்ட ஒதுக்கீடாக ஒரேயடியாக எழுதினார். அந்த ஆண்டு நஷ்டம் 100 கோடி டாலருக்கு மேல். மற்ற பெரிய வங்கிகளும் அதே வழிக்கு வந்தன. 1989-ல் அமெரிக்க நிதியமைச்சர் பிரேடியின் திட்டம் வந்து, பழைய கடனைத் தள்ளுபடியில் புதுப் பத்திரமாக மாற்றச் சொன்னபோது, ஒதுக்கி வைத்திருந்த வங்கிகளால் ஏடு சரியாமல் கையெழுத்துப் போட முடிந்தது.